“உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்று சொன்னால் போதுமா? பிறருக்காக ஜெபிக்கும் முறை

பெக்கோக்: தாத்தா சிகாமட் மருத்துவமனையில் படுத்திருந்தபோது நான் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மாரியம்மன் படம். பக்கத்து வீட்டில் சிலுவை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலிகூட கிடையாது. ஒரு மாலை, பக்கத்து வீட்டு அத்தை வந்து பாட்டியின் அருகில் உட்கார்ந்தார்.

“பெரியம்மா, பெரியப்பாவுக்காக ஜெபம் பண்ணப் போறேன். என்னன்னு கேட்கட்டும்?”

குணமாக வேண்டும் என்றுதான் பாட்டி சொல்வார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பாட்டி வேறொன்று சொன்னார்.

“நோயி எப்படியோ போகட்டும்மா. வார்டுல விளக்க அணைச்சதும் அவருக்குப் பயம் வந்துடுது. ராத்திரி பூரா தூக்கமே இல்ல. அந்தப் பயம் போகணும். அதைக் கேளு.”

அத்தை கண்ணை மூடி இரண்டு நிமிடம் ஜெபித்தார். மறுநாள் இரவு அவருடைய கணவர் மருத்துவமனையில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, தாத்தாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தாத்தா அதன்பிறகு மூன்று வாரம்தான் இருந்தார். அந்த மூன்று வாரமும் அவர் இரவில் தனியாக இருக்கவில்லை. அத்தையின் கணவர் போக முடியாத நாளில் அவர்களுடைய சபையிலிருந்து வேறொருவர் போனார்.

பிறருக்காக ஜெபிப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அத்தை கேட்ட அந்தக் கேள்விதான் நினைவுக்கு வரும். இன்று புலனத்தில் யாராவது ஒரு துன்பத்தைச் சொன்னால், கைகூப்பும் படம் வரிசையாக வந்து விழுகிறது. “ஜெபிக்கிறேன்” என்று ஐம்பது பேர் எழுதுகிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்பவர் ஒருவரோ இருவரோதான். கிறிஸ்தவர்கள் பிறருக்காக எப்படி ஜெபிக்கிறார்கள், அதை எப்படிச் செய்தால் அது உண்மையில் அந்த மனிதருக்கானதாக இருக்கும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

புரோட்டஸ்டண்ட் சபையினர் இதைப் பரிந்து பேசும் ஜெபம் என்றும் விண்ணப்ப ஜெபம் என்றும் சொல்வார்கள். கத்தோலிக்கர்கள் செபம், மன்றாட்டு என்பார்கள். இரண்டும் நல்ல தமிழ் வழக்குகள்.

பரிதல் என்றால் இரங்குதல், ஒருவர் பக்கம் நிற்றல். ஆகவே பரிந்து பேசுவது என்பது, பேச முடியாத ஒருவருக்காக அவர் பக்கம் நின்று பேசுவது. மன்று என்றால் ஊர் கூடும் பொது இடம், வழக்கு கேட்கும் அவை. மன்றாடுதல் என்றால் கெஞ்சிக் கேட்பது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கூலியில் குறை என்றால், பேசத் தெரிந்த ஒருவர் மற்றவருக்காக ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம் பேசுவார். போவதற்கு முன், என்ன குறை என்று அந்தத் தொழிலாளியிடம் சரியாகக் கேட்டுக்கொண்டுதான் போவார். கேட்காமல் போனால் வேறு எதையோ பேசிவிட்டு வர வேண்டியதுதான்.

வேதாகமம் காட்டும் மனிதர்கள்

பிறருக்காக ஜெபித்தவர்கள் வேதாகமம் முழுவதும் வருகிறார்கள். அவர்களில் சிலரைப் பார்த்தால் முறை விளங்கும்.

முதலாவது, ஆபிரகாம். ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தில், சோதோம் நகருக்காக அவர் கடவுளிடம் பேசுகிறார். நகரில் நல்லவர்கள் 50 பேர் இருந்தால் அழிப்பீரா என்று தொடங்கி, 45, 40, 30, 20 என்று இறங்கி 10 வரை வருகிறார். அது அவருடைய ஊர் அல்ல. அண்ணன் மகன் லோத்து அங்கே இருந்தார் என்றாலும், ஆபிரகாம் கேட்டது ஊர் முழுவதற்காக.

இரண்டாவது, மோசே. யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில், போர் நடக்கும்போது மலைமேல் கைகளை உயர்த்தி நிற்கிறார். கை தளர்ந்து போகிறது. ஆரோனும் ஊரும் இரு பக்கமும் நின்று கைகளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஊர் என்பது இங்கே ஒருவரின் பெயர். பிறருக்காக ஜெபிப்பவரும் களைத்துப் போவார், அவருக்கும் துணை வேண்டும் என்பது இந்தக் காட்சியின் செய்தி.

மூன்றாவது, பெயர் சொல்லப்படாத நால்வர். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில், நடக்க முடியாத ஒருவரைப் படுக்கையோடு தூக்கிக்கொண்டு இயேசு இருந்த வீட்டுக்கு வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்து அவரை உள்ளே இறக்குகிறார்கள். அந்த நால்வர் வாய் திறந்து ஒரு ஜெபம் சொன்னதாக அங்கே எழுதப்படவில்லை. ஆனாலும் அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். தூக்கிச் சுமந்ததே அவர்களுடைய வேண்டுதலாக இருந்தது.

யாக்கோபு எழுதிய நிருபத்தில் இன்னும் நேரடியாகச் சொல்லப்படுகிறது. 5-ஆம் அதிகாரம், நோயாளிக்காகச் சபை மூப்பர்கள் ஜெபிக்க வேண்டும் என்கிறது. அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரம், உடுத்த உடையும் உண்ண உணவும் இல்லாதவரிடம் நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று கேட்கிறது. இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சபைகளில் நடைமுறை

கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரைக்கும் விசுவாச அறிக்கைக்கும் பிறகு பொது மன்றாட்டு வரும். பழங்காலத்தில் இருந்து, பின்னர் வழக்கொழிந்துபோன இதை, 1963 டிசம்பர் 4-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு மீண்டும் கொண்டுவந்தது. அதன் வரிசை பொதுவாக நான்கு படி: திருச்சபைக்காக, ஆட்சியாளர்களுக்காகவும் உலகத்துக்காகவும், துன்பத்தில் இருப்பவர்களுக்காக, கடைசியாகத் தங்கள் சொந்தப் பங்குக்காக. தன் தேவை கடைசியில் வருவதைக் கவனியுங்கள். பெரிய வெள்ளியன்று இது பத்து மன்றாட்டுகளாக விரியும். கிறிஸ்துவை ஏற்காதவர்களுக்கும், கடவுளே இல்லை என்பவர்களுக்கும்கூட அதில் தனித்தனி மன்றாட்டு உண்டு.

மெதடிஸ்ட், லூத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் ஞாயிறு ஆராதனையோடு வீட்டு ஜெபக் கூட்டம், உபவாச ஜெபம், இரவு ஜெபம் என்று பல வடிவங்கள் உண்டு. ஜெபக் குறிப்புகளை எழுதி வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்து ஜெபிப்பார்கள்.

நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையும் பழையது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹட் என்ற ஊரில் 1727-ஆம் ஆண்டு மொரேவியன் சபையார் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு, இரவு பகலாக ஜெபச் சங்கிலி தொடங்கினார்கள். அது நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்யும் நம் மக்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமானது அல்ல. இரவு வேலை முடிந்து வருபவர் காலை ஏழு மணியை எடுத்துக்கொள்ளலாம், லயத்துப் பாட்டி விடியற்காலை நான்கு மணியை எடுத்துக்கொள்ளலாம்.

அறிந்து ஜெபித்தல்: உலக ஜெப நாள்

ஆண்டுதோறும் மார்ச் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். இது பெண்கள் தொடங்கிய இயக்கம். அமெரிக்காவில் 1887-ஆம் ஆண்டு மேரி எலன் ஜேம்ஸ் என்ற பெண்மணி விடுத்த அழைப்பிலிருந்து வளர்ந்தது. 1927-இல் உலக அளவிலான ஜெப நாளாக ஆனது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் தங்கள் நாட்டின் நிலையை எழுதி, வழிபாட்டைத் தயாரித்து அனுப்புவார்கள். மற்ற நாட்டினர் அதைப் படித்து, அந்த நாட்டைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு ஜெபிப்பார்கள். அறிந்து ஜெபிக்க வேண்டும், ஜெபித்தபின் செயல்பட வேண்டும் என்பதே இயக்கத்தின் கொள்கை.

2012 மார்ச் 2-ஆம் தேதி உலகம் முழுவதும் பயன்படுத்தப்பட்ட வழிபாட்டைத் தயாரித்தவர்கள் நம் மலேசியப் பெண்கள். நீதி நிலைபெற வேண்டும் என்பது அவர்கள் எடுத்த பொருள். லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் வரும் விதவையின் கதை அதில் இடம்பெற்றது. நியாயம் கேட்டு, இரக்கமில்லாத நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர் அவர். ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுவது மன்றாட்டு ஆகாது என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

2023-இல் அந்த நாள் மார்ச் 3. அவ்வாண்டு வழிபாட்டைத் தயாரித்தவர்கள் தைவான் பெண்கள். ஜெபத்தில் நினைக்கப்பட வேண்டிய நாடு தைவான். அதே வாரம்தான் ஜொகூரில் பெரு வெள்ளம். நம் சிகாமட் மாவட்டமும் பத்து பகாட்டும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. மாநிலத்தில் 40,000-க்கும் அதிகமானோர் துயர்துடைப்பு மையங்களுக்குப் போக வேண்டியிருந்தது. தூரத்து நாட்டுக்காக ஜெபிப்பதும் பக்கத்து ஊருக்குப் பாய் தலையணை கொண்டுபோவதும் ஒரே வாரத்தில் வந்த இரண்டு கடமைகள். ஒன்றைச் செய்தால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.

எப்படி ஜெபிப்பது?

1. முதலில் கேளுங்கள். “உங்களுக்காக ஜெபிக்கலாமா? என்ன கேட்கட்டும்?” இந்த இரண்டு கேள்வியும் அவசியம். நோயாளிக்குப் பெரிய கவலை நோயாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போகிறவருக்கு, யார் காரில் கூட்டிப் போவார்கள் என்பது கவலையாக இருக்கலாம். பெக்கோக் போன்ற சிற்றூரில் பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்க, தனியாக இருக்கும் தாய்க்கு வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கலாம். கேட்காமல் இது தெரியாது.

2. பெயர் சொல்லி, தேவையைச் சொல்லி ஜெபியுங்கள். எல்லாரையும் ஆசீர்வதியும் என்பது தவறில்லை. ஆனால் யாரையும் நினைக்காமலே அதைச் சொல்லிவிட முடியும். நீண்ட ஜெபமும் வேண்டாம். “ஆண்டவரே, நாளைக்குப் பரிசோதனைக்குப் போகிற இந்த அம்மாவுக்குத் தைரியம் கொடும். டாக்டர் சொல்வது அவருக்குப் புரியட்டும். கூடப் போகிற மகனுக்குப் பொறுமை கொடும்.” இது போதும்.

3. நோயாளியின் முன்னால் அவர் தாங்கும் சொற்களைச் சொல்லுங்கள். பாவத்தினால் வந்த நோய், விசுவாசம் குறைந்ததால் தீரவில்லை என்ற பேச்சு ஜெபத்துக்குள் வரக்கூடாது. யோபுவின் நண்பர்கள் செய்தது அதுதான். கடைசியில் கடிந்துகொள்ளப்பட்டவர்கள் அவர்களே. அவர்களுக்காக ஜெபித்தவர் யோபு.

4. ரகசியத்தைக் காப்பாற்றுங்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஜெபக் குறிப்பு ஊர்க் கதை ஆகலாமா?

எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகனுக்குப் போதைப் பழக்கம் என்று ஜெபக் கூட்டத்தில் அழுதபடி சொன்னார். அன்றிரவே யாரோ ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், “இந்தத் தம்பிக்காக எல்லாரும் ஜெபியுங்கள்” என்று பெயரையும் விவரத்தையும் ஒரு புலனக் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் காலை மளிகைக் கடையில், “பையன் எப்படி இருக்கான்?” என்று ஒருவர் கேட்டபோதுதான் செய்தி பரவியது அந்தத் தாய்க்குத் தெரிந்தது. அதன்பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. மகன் வேலை கேட்டுப் போன இடத்திலும் அந்தப் பேச்சே முன்னால் போய் நின்றது.

சிற்றூரில் ஒரு செய்தி ஒரு தெருவைத் தாண்ட அரை மணி நேரம் போதும். குடி, கடன், கணவன் மனைவி சண்டை, மகளின் திருமணம், மனநோய், சிறை, இவையெல்லாம் ஒருவர் வாழ்க்கையையே பாதிக்கும் தகவல்கள். கடவுளிடம் சொல்வதற்காக உங்களிடம் சொன்னதை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

ஆகவே மூன்று பழக்கங்களைக் கடைப்பிடிக்கலாம். ஒன்று, “இதை நான் மட்டும் ஜெபிக்கவா, குழுவிலும் சொல்லலாமா?” என்று கேட்டுவிடுவது. இரண்டு, பொதுவில் சொல்லும்போது பெயரையும் விவரத்தையும் விட்டு, கஷ்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காக என்று மட்டும் சொல்வது. கடவுளுக்கு வீட்டு எண் தேவையில்லை. மூன்று, மருத்துவ அறிக்கை, நோயாளியின் படம், காவல் நிலையப் புகார் ஆகியவற்றைக் குழுவில் பகிராமல் இருப்பது.

ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தைக்கோ பெண்ணுக்கோ அடி உதை நடக்கிறது, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் பேசுகிறார் என்று தெரிந்தால், அதை ஜெபக் குறிப்பாக மட்டும் வைத்திருக்கக் கூடாது. காவல் துறைக்கோ மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். ஜெபம் கூடவே போகலாம்.

மருந்தும் ஜெபமும்

ஜெபித்தால் நோய் தீருமா என்று அறிவியல் வழியில் சோதித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் டாக்டர் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு 2006-ஆம் ஆண்டு வெளியானது. இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். முன்பின் தெரியாதவர்கள் இரண்டு பிரிவினருக்காக ஜெபித்தார்கள். தனக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவுகளில், ஜெபம் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் வந்தன. தனக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிரிவில் அது 59 விழுக்காடு.

கடவுளை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியாது என்று விசுவாசிகள் சொல்வார்கள். அது அவர்கள் நம்பிக்கை. ஆனால் இந்த ஆய்விலிருந்து எல்லாருமே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. ஜெபத்தை மருந்துக்கு மாற்றாக வைக்கக் கூடாது. ஜெபித்தாயிற்று, இனி இன்சுலின் வேண்டாம், அறுவை சிகிச்சை வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்வதால் வரும் இழப்பைச் சுமக்கப் போவது நோயாளியின் குடும்பம்.

கேட்டது கிடைக்காமல் போவதும் வேதாகமத்திலேயே இருக்கிறது. தன் உடலில் இருந்த ஒரு முள் நீங்க வேண்டும் என்று பவுல் மூன்று முறை வேண்டினார். அது நீங்கவில்லை. அதைத் தாங்கும் பெலன் கிடைத்தது என்று 2 கொரிந்தியர் 12-இல் அவரே எழுதுகிறார். ஆகவே குணமாகாதவரின் வீட்டுக்குப் போகக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஜெபித்தோம், ஒன்றும் நடக்கவில்லையே என்று வெட்கப்பட்டு விலகிப்போவதுதான் அவர்களை அதிகம் நோகடிக்கும்.

மாற்றுச் சமயத்தவர் வீட்டில்

நம் தெருக்களில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. புக்கிட் மெர்த்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்கு, ஜூலை 26-ஐ ஒட்டி, கிறிஸ்தவர் அல்லாதவர்களும் மெழுகுவர்த்தி ஏற்றப் போவதை நாம் பார்க்கிறோம். துன்பம் வரும்போது நல்ல மனதோடு கேட்கும் ஜெபத்தை வேண்டாம் என்று சொல்லும் தமிழர் குறைவு.

அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும். அனுமதி கேட்காமல் ஒருவர் தலையில் கை வைக்காதீர்கள். வேண்டாம் என்றால், வருந்தாமல் உங்கள் வீட்டில் இருந்தே ஜெபியுங்கள், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. பிறர் துன்பத்தை மதம் மாற்றும் வாய்ப்பாகப் பார்க்காதீர்கள். அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவீர்களா என்று கேட்டால், அது பரிவாக இருக்காது. கொடுத்ததற்கு விலை கேட்பதாகிவிடும்.

எங்கள் பாட்டி கடைசிவரை மாரியம்மனைத்தான் கும்பிட்டார். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாளும் அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை.

மறுபடியும் போய்க் கேளுங்கள்

ஜெபித்தவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது ஒன்று உண்டு. திரும்பிப் போய் விசாரிப்பது. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பெயர், கேட்ட தேவை, அடுத்து விசாரிக்க வேண்டிய நாள். நான்கே பத்தி. ஸ்கேன் செவ்வாய்க்கிழமை என்றால் புதன்கிழமை அழைத்துக் கேளுங்கள். நல்லபடி முடிந்திருந்தால் நன்றி சொல்லுங்கள். 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரம் பிறருக்கான ஜெபத்தைப் பற்றிச் சொல்லும்போது நன்றி செலுத்துவதையும் சேர்த்தே சொல்கிறது.

பிறகு, நம்மால் ஆகக்கூடியது எது என்று பாருங்கள். சமூக நல உதவிக்கு மனு எழுதித் தருவது, கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, ஒரு வேளை சோறு. எல்லாவற்றையும் செய்ய யாராலும் முடியாது. ஒன்றைச் செய்ய எல்லாராலும் முடியும்.

அந்த அத்தைக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது. முழங்கால் வலியால் முன்போல நடக்க முடியவில்லை. போன முறை பெக்கோக் போனபோது வாசலில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை நான் கேட்டேன்: “அத்தை, உங்களுக்கு என்ன வேணும்?”

சிரித்தார். “வெள்ளிக்கிழமை சிகாமட்டுக்குப் போகணும், முட்டிக்கு டாக்டரைப் பார்க்க. கூட வர்றியா?”

அந்த வாரம் விடுப்பு எடுத்தேன்.